புறப்பண்புகளால் பாறைகளை வகைப்படுத்தல்: வெர்னர் முதல் பல்லாவரம் கல் வரை

ஒரு பாறைத் துண்டைக் கையில் எடுத்து, அதன் நிறம், மணிகளின் பருமன், மிளிர்வு, கடினத்தன்மை, எடை, உடையும் விதம் ஆகியவற்றைப் பார்த்து அது இன்ன பாறை என்று சொல்வது புறப்பண்பு வகைப்பாடு எனப்படும். பள்ளிப் பாடநூல்கள் பாறைகளைத் தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என மூன்றாகப் பிரிக்கின்றன. இந்தப் பிரிவு பாறை பிறந்த விதத்தை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் கிரானைட் உருவானதை நேரில் கண்டவர் எவரும் இல்லை. நிலத்துக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நடந்த செயல் அது. கண்ணுக்குத் தெரிவது பண்பு மட்டுமே. பிறப்பு என்பது அந்தப் பண்பிலிருந்து ஊகித்து அறிவது. கண்டதற்கும் ஊகித்ததற்கும் இடையே சுமார் 250 ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கே பாறை வகைப்பாட்டின் வரலாறு. அந்த வழக்கில் சென்னையை அடுத்த பல்லாவரத்துப் பாறைக்கும் முக்கியமான இடம் உண்டு.

தொடக்க காலம்

கற்களைப் பற்றித் தனி நூல் எழுதியவர்களுள் கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் காலத்தால் முந்தியவர். அரிஸ்டாட்டிலின் மாணவரான இவர் தீயில் இட்டால் உருகும் கல், உருகாத கல் என்றும், நிறம், கடினம் கொண்டும் கற்களைப் பிரித்துக் காட்டினார். அதன் பின் நெடுங்காலம் கற்களைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் அவற்றின் மருத்துவ குணத்தையும் மந்திர சக்தியையுமே பேசின. எந்தக் கல்லை அணிந்தால் எந்த நோய் தீரும் என்பதே கேள்வியாக இருந்தது.

அந்தப் போக்கை மாற்றியவர் ஜெர்மானிய மருத்துவர் கியோர்க் அக்ரிகோலா. சுரங்க ஊர்களில் வாழ்ந்த இவர் 1546-இல் வெளியிட்ட நூலில் கனிமங்களை நிறம், ஒளி ஊடுருவும் தன்மை, மிளிர்வு, சுவை, மணம், தொடு உணர்வு, வடிவம் ஆகியவற்றால் விவரித்தார். சாக்சனி நாட்டின் ஸ்டோல்பன் கோட்டை நிற்கும் கருநிறத் தூண் பாறைக்குப் பசால்ட் என்ற பழைய பெயரைப் பொருத்தியவரும் இவரே. இந்தப் பசால்ட் பின்னாளில் பெரும் சண்டைக்குக் காரணமாயிற்று.

நம் நாட்டுச் சிற்பிகளுக்கும் தமக்கென ஒரு புறப்பண்பு வகைப்பாடு இருந்தது. சிற்ப நூல் மரபில் கற்கள் ஆண் கல், பெண் கல், அலிக் கல் என மூவகை. உளியால் தட்டும்போது மணி போல் கணீரென்று ஒலிப்பது ஆண் கல். ஒலி மென்மையாக வருவது பெண் கல். ஒலியே எழாதது அலிக் கல். முதலிரண்டும் திருமேனிகளுக்கும் பீடங்களுக்கும், மூன்றாவது அடித்தளத்துக்கும் தளவரிசைக்கும் உரியவை. பெயர்கள் எப்படி இருந்தாலும், இதில் அறிவியல் பொருள் உண்டு. உள்ளே வெடிப்பும் சிதைவும் இல்லாத, மணிகள் இறுகப் பிணைந்த கல்லில் ஒலி தடையின்றிப் பரவும். சிதைந்த கல்லில் ஒலி அடங்கிப்போகும். இன்றும் களத்துக்குச் செல்லும் நிலவியலாளர் பாறையின் புத்தம்புதிய பகுதி எது, சிதைந்த பகுதி எது என்பதைச் சுத்தியலின் ஒலி கொண்டே முதலில் அறிகிறார்.

ஃபிரைபர்க் ஆசிரியர்

புறப்பண்புகளை முறைப்படியான அறிவாக ஆக்கியவர் ஆபிரகாம் கோட்லோப் வெர்னர். 1749-இல் பிறந்தவர். குடும்பமே இரும்பு உலைத் தொழிலோடு தொடர்புடையது. 1774-இல், 25 வயது நிரம்பும் முன்பே, தொல்பொருள்களின் புற அடையாளங்கள் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அக்காலத்தில் நிலத்திலிருந்து தோண்டி எடுக்கும் எல்லாவற்றுக்கும் ஐரோப்பிய மொழிகளில் ஒரே சொல்தான் வழங்கியது. இன்று புதைபடிவத்தைக் குறிக்கும் அச்சொல் அன்று கனிமத்தையும் பாறையையும் சேர்த்தே குறித்தது. அடுத்த ஆண்டே ஃபிரைபர்க் சுரங்கக் கல்விக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்த வெர்னர் ஏறத்தாழ 40 ஆண்டுகள், 1817-இல் இறக்கும் வரை, அங்கேயே பாடம் சொன்னார்.

அவர் கண்ட தேவை எளிமையானது. சுரங்கத் தொழிலாளி ஒருவர் நிலத்தடியில் கிடைத்த கல்லை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி விடைக்குக் காத்திருக்க முடியாது. அன்றைய வேதியியலும் அவ்வளவு வளர்ந்திருக்கவில்லை. ஆகவே ஐம்புலன்களால் அறியக்கூடிய பண்புகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் நிலையான சொல்லை வகுத்தால், இருவேறு ஊர்களில் இருப்பவர்கள் ஒரே கல்லை ஒரே சொற்களால் விவரிக்கலாம் என்று அவர் கருதினார். நிறம், வடிவம், மிளிர்வு, முறியும் பரப்பு, ஒளி ஊடுருவல், தேய்த்தால் விழும் கோட்டின் நிறம், கடினம், வளையும் தன்மை, தட்டினால் எழும் ஒலி, தொட்டால் உணரும் வழவழப்பு, குளிர்ச்சி, எடை, மணம், சுவை ஆகிய அனைத்தும் அவரது பட்டியலில் இடம்பெற்றன. நாக்கில் வைத்தால் ஒட்டுகிறதா என்பதும் ஒரு சோதனை. களிமண் சார்ந்த கற்கள் ஈரத்தை உறிஞ்சுவதால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். இன்றும் இது பயன்படும் சோதனைதான்.

நிறத்தைச் சொல்வதில் வெர்னர் மிகுந்த கவனம் செலுத்தினார். வெறும் நீலம், வெறும் பச்சை என்பது அவருக்குப் போதவில்லை. அவருடைய நிறப் பெயர்களை அடிப்படையாகக் கொண்டு எடின்பரோ ஓவியர் பாட்ரிக் சைம் 1814-இல் 110 நிறங்கள் அடங்கிய கையேடு ஒன்றை வண்ண மாதிரிகளுடன் வெளியிட்டார். பீகிள் கப்பல் பயணத்தில் சார்லஸ் டார்வின் உடன் கொண்டுசென்ற நூல்களுள் அதுவும் ஒன்று. கல்லுக்காகப் பிறந்த நிறச்சொற்கள் கடலையும் பறவையையும் விவரிக்க உதவின.

வெர்னர் எழுதியது குறைவு. அவருடைய செல்வாக்கு மாணவர்கள் வழியாகவே பரவியது. அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட், லியோபோல்ட் ஃபான் புக், பிரெடெரிக் மோஸ், ராபர்ட் ஜேம்சன் என அவரிடம் பயின்றவர்களின் பெயர்களைச் சேர்த்தாலே அந்தக் கால நிலவியலின் பாதி வந்துவிடும்.

பசால்ட் வழக்கு

1780களில் வெர்னர் கனிமங்களிலிருந்து பாறைகளுக்கு வந்தார். பாறை வகைகளைச் சுருக்கமாக விவரிக்கும் சிறு நூலும் வெளியிட்டார். இங்கேதான் சிக்கல் தொடங்கியது. பூமி முழுவதையும் ஒரு காலத்தில் பெருங்கடல் மூடியிருந்தது என்றும், கிரானைட் முதலான பழம்பாறைகள் அந்த நீரிலிருந்து படிகமாகி வீழ்ந்தவை என்றும், பின்னர் நீர் வற்ற வற்ற மற்றப் பாறைகள் அடுக்கடுக்காகப் படிந்தன என்றும் அவர் கற்பித்தார். அவர் கணக்கில் பசால்ட்டும் நீரில் படிந்ததே. எரிமலைகள் நிலத்தடி நிலக்கரி எரிவதால் ஏற்படும் அண்மைக்கால நிகழ்வுகள் மட்டுமே.

இதற்கு ஆதாரமாக அவர் காட்டியது சாக்சனியின் சைபன்பெர்க் குன்று. அங்கே அடியில் மணல், அதன்மேல் களிமண், அதன்மேல் பசால்ட் என அடுக்கடுக்காக உள்ளன. ஓர் அடுக்கு மெல்ல மெல்ல அடுத்ததாக மாறுவதை அவர் கண்டார். ஆகவே மூன்றும் ஒரே நீரில் படிந்தவை என்று முடிவு செய்தார். கண்டது சரி. ஊகித்தது தவறு. பழைய ஆற்றுப் படுகையின் மணல்மீது எரிமலைக் குழம்பு பாய்ந்து இறுகிய இடம் அது. பிற்காலத்தில் சுற்றியிருந்த மென்மையான நிலம் அரிக்கப்பட, கடினமான பசால்ட் தொப்பி மட்டும் குன்றாக எஞ்சியது.

பிரான்சில் இதற்கு எதிரான சான்று முன்பே கிடைத்திருந்தது. அவெர்ன் பகுதியின் மலைகள் அணைந்துபோன எரிமலைகள் என்பதை 1752-இல் ழான் எத்தியேன் கெத்தார் எடுத்துரைத்தார். அதே பகுதியில் 1763-இல் நிக்கோலா தெமாரே, தூண் தூணாக நிற்கும் பசால்ட்டைத் தொடர்ந்து நடந்து, அது எரிமலை வாயிலிருந்து வந்த குழம்போடு இணைவதைக் கண்டார். வாதங்களில் ஈடுபடாத தெமாரே, யார் கேட்டாலும் அங்கே போய்ப் பாருங்கள் என்று மட்டும் சொல்வார் எனக் கூறுவதுண்டு. வெர்னரின் மாணவர்கள் சிலர் பின்னர் அப்படியே போய்ப் பார்த்தனர். ஃபான் புக்கும் தோபிசோன் என்ற பிரெஞ்சு மாணவரும் அவெர்னைக் கண்டபின் பசால்ட் பற்றிய ஆசிரியரின் கருத்தைக் கைவிட்டனர். ஆசிரியரிடம் கற்ற முறையைக் கொண்டே ஆசிரியரின் கொள்கையை மறுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வெர்னருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இருக்க முடியாது.

ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் ஹட்டன் கிரானைட்டையே கேள்விக்கு உட்படுத்தினார். 1785-இல் கிளென் டில்ட் என்ற ஆற்றுப் பள்ளத்தாக்கில், சிவந்த கிரானைட் நரம்புகள் கருநிறப் பழம்பாறையைப் பிளந்து உள்ளே ஓடுவதைக் கண்டார். ஏற்கெனவே இருக்கும் ஒன்றைத்தான் மற்றொன்று பிளக்க முடியும். ஆகவே கிரானைட் பூமியின் முதற்பாறை அன்று. உருகிய நிலையில் பின்னர் ஊடுருவியது. இதுவும் கண்ணால் கண்ட பண்புதான். ஆனால் கைத்துண்டில் தெரியாத பண்பு. களத்தில், இரு பாறைகள் சந்திக்கும் இடத்தில் மட்டும் தெரிவது. பாறைத் துண்டை மட்டும் பார்த்தால் போதாது, அது கிடக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும் என்பது நிலவியலின் விதியானது இப்படித்தான்.

மணிகள் சொல்லும் செய்தி

ஹட்டனின் நண்பர் ஜேம்ஸ் ஹால் இந்த வழக்கை உலைக்களத்துக்குக் கொண்டுவந்தார். பசால்ட் வகைப் பாறைகளை உலையில் உருக்கினார். வேகமாகக் குளிரவிட்டபோது கண்ணாடி கிடைத்தது. மெதுவாகக் குளிரவிட்டபோது மீண்டும் மணிமணியான கல் கிடைத்தது. 1798-இல் எடின்பரோவில் படிக்கப்பட்ட அவரது கட்டுரை, உருகிய பொருள் இறுகினால் கண்ணாடியாகத்தான் இருக்கும், கல்லாக இராது என்ற எதிர்வாதத்தை முறித்தது.

இதன் பயனாகப் பாறையின் இழையமைப்பு, அதாவது மணிகளின் பருமனும் அவை பிணைந்துள்ள விதமும், பொருள் பொதிந்த அடையாளமாயிற்று. ஆழத்தில் மெதுவாகக் குளிர்ந்த கற்குழம்பில் படிகங்கள் வளர நேரம் கிடைக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பெருமணிகள் உண்டாகின்றன. மேற்பரப்பில் விரைந்து குளிர்ந்தால் நுண்மணிகள். ஒரே வேதிப்பொருள்கள் கொண்ட கற்குழம்பு ஆழத்தில் கேப்ரோ ஆகிறது. சற்று மேலே டாலரைட் ஆகிறது. வெளியே கொட்டினால் பசால்ட் ஆகிறது. கிரானைட்டுக்கும் ரயோலைட்டுக்கும் உள்ள உறவும் இதுவே.

படிவுப் பாறைகளுக்கும் மணியின் பருமனே அளவுகோல். 1922-இல் அமெரிக்கர் செஸ்டர் வெண்ட்வொர்த் வகுத்த அளவுப்படி 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்டவை கூழாங்கல் வகை. அதற்குக் கீழே ஒரு மில்லிமீட்டரில் 16-இல் ஒரு பங்கு வரை மணல். அதற்கும் கீழே வண்டல், களி. வண்டல் கல்லுக்கும் களிக் கல்லுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் காண்பது அரிது. ஒரு துணுக்கைப் பல்லிடையே வைத்து அரைத்தால் நறநறவென்று இருப்பது வண்டல். வழவழவென்று இருப்பது களி. வெர்னர் இதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

கடினத்துக்கு அளவுகோல் தந்தவர் வெர்னரின் மாணவரும், அவருக்குப்பின் ஃபிரைபர்க்கில் அவர் இடத்துக்கு வந்தவருமான மோஸ். டால்க் முதல் வைரம் வரை பத்துக் கனிமங்களைக் கொண்ட அவரது வரிசை பள்ளிப் பாடங்களில் உள்ளது. நகம் ஏறத்தாழ 2.5, கத்தி அலகு ஏறத்தாழ 5.5, குவார்ட்ஸ் 7. பாறையில் உள்ள வெண்மணி கத்தியால் கீறப்பட்டால் அது கால்சைட்டாக இருக்கலாம். கீறப்படாவிட்டால் குவார்ட்ஸோ ஃபெல்ட்ஸ்பாரோ ஆகும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல்லாக இருக்கலாம்.

புறப்பண்புகளுள் மிகவும் ஏமாற்றுவது நிறம். பொதுவாக வெளிர்நிறப் பாறையில் சிலிக்கா மிகுதி, கருநிறப் பாறையில் குறைவு. கிரானைட்டில் சிலிக்கா சுமார் 70 விழுக்காடு. பசால்ட்டில் சுமார் 50. ஆனால் எரிமலைக் கண்ணாடியான அப்சிடியன் கரிய நிறமுடையது. அதன் சிலிக்கா அளவோ கிரானைட்டுக்கு நிகரானது. இதே விதிவிலக்கு பல்லாவரத்திலும் காத்திருந்தது.

கல்லைச் சீவிப் பார்த்தல்

மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவையாக இருந்தால் என்ன செய்வது? இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சார்பி 1849 முதல் கல்லை மிக மெல்லியதாகத் தேய்த்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி நுண்ணோக்கியில் பார்த்தார். இன்று அந்தச் சீவலின் தடிமன் 0.03 மில்லிமீட்டர், அந்த அளவில் பெரும்பாலான பாறைக் கனிமங்கள் ஒளியை உள்ளே விடும். 1858-இல் அவர் வெளியிட்ட கட்டுரையைப் பலர் நகைத்தனர். மலையை நுண்ணோக்கியால் பார்ப்பதா என்பது கேள்வி. ஜெர்மானியர் ஃபெர்டினாண்ட் சிர்க்கல் 1860களின் தொடக்கத்தில் சார்பியைச் சந்தித்து இந்த முறையைக் கற்றுத் தம் நாட்டில் பரப்பினார். சிர்க்கலும் ஹாரி ரோசன்புஷும் எழுதிய நூல்கள், 20 ஆண்டுகளுக்குள் இந்த முறையை உலகெங்கும் கட்டாயமாக்கின. முனைவாக்கிய ஒளியில் ஒவ்வொரு கனிமமும் தனக்கே உரிய நிறமாற்றம் காட்டும். புறப்பண்பின் எல்லை இப்படிக் கல்லின் உள்ளேயும் நீண்டது.

கல்கத்தாவில் ஒரு கல்லறை

1890-இல் 22 வயது இளைஞராக இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்த தாமஸ் ஹென்றி ஹாலந்து இந்த நுண்ணோக்கி முறையில் தேர்ந்தவர். கல்கத்தா புனித ஜான் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னோக்கின் கல்லறை உள்ளது. 1690-இல் சூதானுட்டி கிராமத்தில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகக் குடியிருப்பை நிறுவியவர் சார்னோக். அவரே கல்கத்தாவை நிறுவியவர் என நெடுங்காலம் கூறப்பட்டது. 2003-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அவ்வாறு கொள்ள இயலாது எனத் தீர்ப்பளித்தது. அந்தக் கல்லறைமீது உள்ள கருஞ்சாம்பல் நிறக் கல் ஹாலந்தின் கவனத்தைக் கவர்ந்தது.

கல்கத்தா நிற்பது கங்கையின் வண்டல் நிலத்தில். அங்கே தோண்டினால் கல் கிடைக்காது. ஆகவே பழைய கல்லறைக் கற்கள் கப்பலில் வந்தவை. எங்கிருந்து வந்தவை என்பதைக் கல்லே சொல்லியது: சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் காணப்படும் பாறையோடு அது முற்றிலும் ஒத்திருந்தது.

பார்வைக்கு அது பசால்ட் போலவோ டாலரைட் போலவோ இருண்டது. புதிதாக உடைத்த முகத்தில் எண்ணெய் பூசியது போன்ற மிளிர்வு. குவார்ட்ஸ் மணிகள்கூட வெண்மையாக இல்லாமல் நீலச்சாயல் கொண்டவை. ஆனால் சீவலில் பார்த்தபோது அதில் இருந்தவை கிரானைட்டின் கனிமங்களே: குவார்ட்ஸ், பொட்டாசியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பார், சிறிது இரும்புத் தாது. ஒன்று மட்டும் வேறு. சாதாரணக் கிரானைட்டில் கருமணிகளாக மைக்காவோ ஹார்ன்பிளெண்டோ இருக்கும். இதில் அந்த இடத்தில் ஹைப்பர்ஸ்தீன் இருந்தது. நுண்ணோக்கியின் தட்டைச் சுழற்றும்போது இளஞ்சிவப்பிலிருந்து இளம்பச்சைக்கு மாறும் கனிமம் அது. தவறாக அடையாளம் காண வாய்ப்பில்லை. மைக்காவும் ஹார்ன்பிளெண்டும் தம் அமைப்பில் நீரின் கூறுகளைக் கொண்டவை. ஹைப்பர்ஸ்தீனில் அவை இல்லை. அதாவது இந்தப் பாறை ஈரமற்ற சூழலில் உருவானது. இந்தச் செய்தியின் முழு மதிப்பு பிற்காலத்தில்தான் தெரிந்தது.

1893-இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் இந்தப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று ஹாலந்து பெயரிட்டார். தாம் அறியாமலேயே இந்தக் கல்லைக் கல்கத்தாவுக்கு வரவழைத்தவர் என்பது சார்னோக் பெயரைச் சூட்டியதற்கு அவர் சொன்ன காரணம். 1900-இல் ஆய்வுத்துறை வெளியீடாக வந்த அவரது விரிவான நூல், சிலிக்கா மிகுந்த சார்னோக்கைட் முதல் சிலிக்கா மிகக் குறைந்த கரும்பாறைகள் வரை ஒரு குடும்பமாகத் தொகுத்துச் சார்னோக்கைட் தொடர் என்றது. பரங்கிமலையும் பல்லாவரமும் மட்டுமல்ல, சேர்வராயன் மலை, நீலகிரி, பழனி மலை எனத் தமிழகத்தின் பெரும் மலைகள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அடுத்த ஆண்டே காங்கேயம் அருகிலுள்ள சிவன்மலையின் பாறைகளைப் பற்றி எழுதி அவற்றுக்குச் சிவன்மலைத் தொடர் என்று பெயரிட்டவரும் ஹாலந்துதான்.

மலையின் பெயரால் சிவன்மலைத் தொடர் வந்தது. கந்தர் என்ற பழங்குடியினரின் பெயரால் கிழக்கு மலைத் தொடரில் கோண்டலைட் வந்தது. பல்லாவரத்துக் கல்லுக்கோ, அதை வெட்டிய ஊரின் பெயர் கிடைக்கவில்லை. அதன் கீழ் புதைக்கப்பட்ட வணிகரின் பெயர் கிடைத்தது.

தீப்பாறையா, உருமாறிய பாறையா

ஹாலந்து சார்னோக்கைட்டைத் தீப்பாறை என்றே கொண்டார். அது அயல் பாறைகளுக்குள் ஊடுருவிய அடையாளங்களைக் களத்தில் கண்டதாக எழுதினார். கிரானைட்டை ஒத்த கனிமச் சேர்க்கையும் அதற்குத் துணை நின்றது. ஆனால் அதே சீவல்களில் வேறொரு பண்பும் இருந்தது. மணிகள் ஏறத்தாழ ஒரே பருமனில், மொசைக் தரையில் பதித்த சில்லுகள் போல் பிணைந்திருந்தன. திடநிலையிலேயே மிகுந்த வெப்பத்தில் மீண்டும் படிகமான பாறைகளில் காணப்படும் அமைப்பு இது. 20-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஃபின்லாந்தின் பென்ட்டி எஸ்கோலா, எந்த வெப்ப அழுத்தத்தில் எந்தக் கனிமங்கள் சேர்ந்திருக்கும் என்ற கணக்கை வகுத்தார். அதன்படி சார்னோக்கைட் தொடரின் கனிமங்கள் மிக உயர்ந்த வெப்பத்தில் உருமாறிய பாறைகளின் கூட்டத்தில் பொருந்தின.

ஆகவே கேள்வி எழுந்தது. ஆர். ஏ. ஹோவி 1955-இல் சென்னைப் பாறைகளின் வேதியியலை விரிவாக ஆய்ந்தார். 1959-இல் ஏ. பி. சுப்பிரமணியம், ஹாலந்து பார்த்த அதே பல்லாவரம் குன்றுகளை மீண்டும் ஆய்ந்து, ஒரே குடும்பம் என்று ஹாலந்து சேர்த்தவை உண்மையில் வெவ்வேறு பிறப்புடையவை என்று காட்டினார். இருண்ட நிறமும் ஹைப்பர்ஸ்தீனும் பொதுவாக இருப்பது உறவுக்குச் சான்றாகாது என்பது இதன் பொருள். புறப்பண்பு ஒற்றுமையை இரத்த உறவாக எண்ணியதே ஹாலந்தின் குறை என்று சொல்லலாம். அறுபது ஆண்டுகளுக்குப் பின் வந்தவர்களுக்கு அது எளிதாகத் தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த சான்று கர்நாடகத்திலிருந்து வந்தது. கனகபுரத்தை அடுத்த கப்பல்துர்கா கல்லுடைப்பில், சாம்பல் நிற நைஸ் பாறையில் ஆங்காங்கே கருந்திட்டுகள் இருப்பதை மைசூர் நிலவியலாளர் சி. எஸ். பிச்சமுத்து கவனித்தார். நைஸ் பாறையின் வரிகள் அந்தத் திட்டுகளை நெருங்கும்போது மங்கி மறைகின்றன. திட்டுக்குள் எண்ணெய் மிளிர்வுடைய சார்னோக்கைட். ஒரே பாறை, ஒரு முனையில் நைஸ், மறுமுனையில் சார்னோக்கைட். பாதியில் நின்றுபோன மாற்றம் அது. 1960-இல் நேச்சர் இதழில் வந்த அவரது குறிப்பு மிகச் சிறியது. அதன் தலைப்பே உருவாகிக்கொண்டிருக்கும் சார்னோக்கைட் என்ற பொருள் தருவது. ஆய்வுக்கூடக் கருவி எதுவும் இல்லாமல், கல்லுடைப்பின் முகத்தை நின்று பார்ப்பவர் எவரும் காணக்கூடிய சான்று. கிளென் டில்ட்டில் ஹட்டன் கண்டதற்கு இணையானது என்று இதைச் சொல்வது மிகையன்று.

ஏன் அப்படி மாறியது என்பதற்கு 1979-இல் ஜனார்த்தன், நியூட்டன், ஸ்மித் மூவரும் விளக்கம் தந்தனர். ஆழத்திலிருந்து வெடிப்புகள் வழியே வந்த கரியமில வாயு மிகுந்த பாய்மம் பாறையின் ஈரத்தை விரட்டியது; மைக்காவும் குவார்ட்ஸும் வினைபுரிந்து ஹைப்பர்ஸ்தீனும் ஃபெல்ட்ஸ்பாரும் ஆயின; விடுபட்ட நீர் வெளியேறியது. ஹாலந்தின் சீவலில் தெரிந்த ஈரமின்மைக்கு இதுவே கதை. கரியமில வாயுவின் பங்கு எவ்வளவு என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

வழக்கு ஒரு பக்கமாக முடிந்துவிடவில்லை. அண்டார்க்டிகாவின் மாசன் பகுதியிலும் நார்வேயின் தென்மேற்கிலும் கற்குழம்பிலிருந்து நேரடியாக இறுகிய சார்னோக்கைட்டுகள் உள்ளன. ஆக, கையில் உள்ள துண்டு ஒன்றே போல் இருந்தாலும் பிறப்பு இரண்டு வகை.

பெயரிடும் விதி

இத்தகைய தொல்லைகளால் பன்னாட்டு நிலவியல் அறிஞர்கள் ஒரு முடிவுக்கு வந்தனர். சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் ஸ்ட்ரெக்கைசன் தலைமையில் 1970களில் வகுக்கப்பட்ட விதிகளின்படி, பாறைக்குப் பெயர் அது எப்படிப் பிறந்தது என்பதால் அல்ல, அதில் என்ன இருக்கிறது என்பதால் வைக்கப்பட வேண்டும். பெருமணிப் பாறையில் குவார்ட்ஸ், இருவகை ஃபெல்ட்ஸ்பார்கள் ஆகியவற்றின் விழுக்காட்டை எண்ணி ஒரு முக்கோண வரைபடத்தில் குறித்தால் பெயர் கிடைக்கும். கிரானைட்டின் கட்டத்தில் விழும் பாறையில் ஹைப்பர்ஸ்தீன் இருந்தால் அது சார்னோக்கைட். ஹாலந்து 1893-இல் தந்த வரையறையும் ஏறத்தாழ இதுவே. பிறப்பு பற்றிய அவர் கருத்து சிதைந்தது. கண்டதை எழுதிய வரையறை நின்றது. வெர்னருக்கு நேர்ந்ததும் இதுதான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1988-இல் கனிமப் பெயர்களைச் சீர்செய்த பன்னாட்டுக் குழு ஹைப்பர்ஸ்தீன் என்ற பெயரையே நீக்கிவிட்டது. இப்போது ஆய்வுக் கட்டுரைகளில் ஆர்த்தோபைராக்சீன் என்றே எழுத வேண்டும்.

கல் வணிகம் இந்த விதிகள் எதையும் பொருட்படுத்துவதில்லை. மெருகேற்றினால் பளபளக்கும் கடினக் கல் எல்லாம் அங்கே கிரானைட். கருப்பு கிரானைட் என விற்கப்படுவது பெரும்பாலும் டாலரைட் அல்லது கேப்ரோ. நிலவியல் கணக்கில் கிரானைட்டுக்கு எதிர்முனை. வீட்டுச் சமையல் மேடைக்குக் கல் வாங்குபவருக்கு இதனால் இழப்பில்லை. எலுமிச்சைச் சாறு பட்டால் பாதிக்கப்படுமா என்பதுதான் அவருக்குத் தேவை. சலவைக்கல் பாதிக்கப்படும், இவை பாதிக்கப்படா.

பல்லாவரம், பம்மல், திரிசூலம் குன்றுகளின் சார்னோக்கைட் பல தலைமுறைகளாக அடித்தளக் கல்லாகவும் ஜல்லியாகவும் உடைக்கப்பட்டது. சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையான இந்தப் பாறை சென்னை நகரின் சாலைகளிலும் சுவர்களிலும் கரைந்திருக்கிறது. உடைத்த இடங்கள் பல இன்று நீர் நிறைந்த ஆழ்குட்டைகள். பரங்கிமலைச் சார்னோக்கைட்டைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக இந்திய நிலவியல் ஆய்வுத்துறை அறிவித்துள்ளது. பல்லாவரம் கண்டோன்மென்ட் பகுதியில் பாறையின் பெயரும் வரலாறும் பொறித்த பலகை உள்ளது. புதிதாக உடைந்த முகம் ஒன்றைக் கண்டால், நிறம் பச்சைச்சாயல் கலந்த கருஞ்சாம்பல், மிளிர்வு எண்ணெய் போன்றது, குவார்ட்ஸ் நீலச்சாயல் கொண்டது என்ற மூன்று பண்புகளையும் கைக்கண்ணாடி ஒன்றைக் கொண்டே அங்கு சரிபார்க்கலாம்.